நான் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் காரணம்

சத்தியமாகச் சொல்கிறேன் வே. சத்தமாகவே சொல்கிறேன், அந்த டீக்கடைக்காரனுக்கும் கேட்கட்டும். மணல்காத்த சாஸ்தா மேல் சத்தியம், என்னைப் பெற்ற ஆத்தா மேல் சத்தியம், இந்த வண்டி மேல் சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும் இந்த நாலு டயரும் இந்த நிமிசமே டமார் டமாரென்று வெடிக்கட்டும்.

வெடித்ததா? இல்லைல்லா. அப்போ நம்பும்.

நீர் ரெண்டு கேள்வி கேட்டீர். மோட்டார் பைக்குக்கு நாலு சக்கரம் வைத்தது மாதிரி இருக்கிறதே, இது என்ன வண்டி என்று ஒன்று. சொந்தக்காரர் ஏன் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர் என்று இன்னொன்று. ரெண்டுக்கும் ஒரே கதைதான். உம்முடைய பஸ் இப்போதைக்கு வராது. என் மருமகள் சிவகனி ரேசன் கடைக்குள் போயிருக்கிறாள். அங்கே கைரேகை மிசின் யார் விரலையும் ஒரு தடவையில் ஒத்துக்கொள்ளாது. அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். இப்படி என் பக்கத்தில் சாய்ந்து நின்று கேளும். முன் சீட்டில் மட்டும் உட்காராதீரும், அது அவளுக்குப் பிடிக்காது.

உமக்கு வெளியூர். அதோ, வத்தல்பொடியைக் கொட்டிக் குவித்தது மாதிரி சிவப்பாகக் கிடக்கிறதே, அதுதான் தேரி. மலை என்று நினைத்துவிடாதீரும், அத்தனையும் மணல். காலை வைத்தால் முழங்கால் வரை வாங்கிக்கொள்ளும். ஆடிக் காற்றில் மேடுகள் இடம் மாறும். ஒரு வருசம் ஒரு மேடு நகர்ந்து நகர்ந்து என் தங்கச்சி கல்யாணப் பந்தலுக்குள் வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டது. சிரிக்காதீரும். அதற்கும் ஒரு இலை போட்டோம்.

அந்தத் தேரிக்கு நடுவில் இருக்கிறது எங்கள் குலசாமி கோயில், மணல்காத்த சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் வகையறா மொத்தமும் அங்கே கூடும். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தேரியைத் தாண்டி வந்த ஆளுக்குத்தான் முதல் திருநீறு. தார் ரோடு போட்ட பிறகு எல்லாரும் வேனில் சுற்றிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். தேரியில் இறங்க ஆளில்லை. ஆள் இல்லாவிட்டால் என்ன செய்ய? பூசாரி முதல் திருநீற்றை வாசலில் நிற்கிற மண்குதிரைக்குப் பூசிவிடுவார். வருசா வருசம் குதிரைதான் மரியாதை வாங்கிக்கொண்டிருந்தது.

இப்போ என் மகனுக்கு வருவோம். லிங்கதுரை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பனை உயரத்துக்கு மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத் தரையில் ஓடுகிற வண்டியைக் கண்டால் பயம். என் மொபெட் இந்த ரேசன் கடைச் சுவரில் மோதியது என்று ஊரே சொல்லும். நான் நேராகத்தான் வந்தேன். சுவர்தான் குறுக்கே வந்தது. அதற்குப் போய் சாவியைப் பிடுங்கிக்கொண்டான் வே. உப்பு லாரி மெக்கானிக் சுயம்புலிங்கம் என்றால் ஆறுமுகநேரி முதல் தூத்துக்குடி வரை ஒரு காலத்தில் இன்ஜின்களுக்கே நடுக்கம். அந்தக் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒரு நாற்காலி வாங்கித் தந்தான். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, கைப்பிடி வைத்தது. இனிமேல் இதில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள் என்றான். நான் அந்த நாற்காலியில் கோழியை அடைகாக்க வைத்தேன்.

அப்புறம்தான் இந்த வண்டி வந்தது. கடற்கரையில் டூரிஸ்டுகளுக்கு என்று ஒரு விடுதி இருந்து மூடிப்போனது. வெள்ளைக்காரர்களை ஏற்றி மணலில் ஓட்டிக் காட்டின வண்டி இது, உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஓலைக்கூரைக்குள் கோழிக்கூடு மாதிரி கிடந்தது. என் பழைய தண்ணி மோட்டாரைக் கொடுத்து இதை வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினேன். லிங்கதுரை வெளியே வந்தான். வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கோழியையும் பார்த்தான்.

"யப்பா, இப்பவே சொல்லுதேன். உத்திரத்தன்னிக்கு இதுல தேரியைத் தாண்டி வந்து பூசாரி கையால முதல் திருநீறு வாங்குங்க. வாங்கிட்டா இந்த வண்டி, மொபெட்டு, ரெண்டுக்கும் நீங்கதான் ராசா. வாங்கலைன்னா சைக்கிளைக்கூடத் தொடக்கூடாது. சாவி என்கிட்ட, நாற்காலி உங்ககிட்ட."

"மொபெட் சாவியை எண்ணெய் போட்டுத் தொடைச்சு வைலே" என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். தோற்றால் ஆயுசுக்கும் நாற்காலி. உமக்கு இது சின்ன விசயமாகப் படலாம். எனக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே கால் மரத்துப்போகும்.

வேலையை ஆரம்பித்தேன். வண்டி ரிப்பேர் என்றால் மற்றவன் ஸ்பேனரை எடுப்பான். நான் முதலில் திட்டுவேன். இது என் தனி முறை, யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. காலையில் வண்டியின் முன்னால் நின்று அதன் பிறப்பு வளர்ப்பிலிருந்து ஆரம்பித்து நன்றாகத் திட்ட வேண்டும். பிறகு கொஞ்சம் தட்ட வேண்டும். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு தின்றுவிட்டுப் படுத்துவிட வேண்டும். எழுந்து வந்து பார்த்தால் வண்டி தன்னைத் தானே திருத்திக்கொண்டிருக்கும். இரும்புக்கும் ரோசம் உண்டு வே. யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கையில்லையா? கேளும். முதல் நாள் இன்ஜினைக் கிளப்பினால் காசநோய்க்காரன் மாதிரி இருமி இருமி நின்றது. பார்த்தால் காற்று வடிகட்டி முழுக்க மணல். மூக்கு இருந்தால்தானே தும்மல் வரும், நான் மூக்கையே கழற்றி எறிந்தேன். சிவகனி சட்டியைக் கழுவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் தேரி மண் நேராக உள்ளே போய் பிஸ்டனைத் தின்றுவிடும் மாமா என்றாள். அவளுடைய அப்பாவுக்குக் குரும்பூரில் லேத்துப் பட்டறை. பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து அங்கேயே வளர்ந்தவள், அந்தத் திமிர். லேத்தில் வளர்ந்தவளுக்கு லேத்து தெரியும், தேரி தெரியுமா? உன் சோலியைப் பார்த்துக்கிட்டுப் போட்டி என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

எழுந்து வந்தால் வடிகட்டி அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் வேறு கிளம்பி, மணலுக்கு எட்டாத உயரத்தில் கைப்பிடிக்குக் கீழே வந்து நிற்கிறது. குழாய் வாயில் என் மருமகளின் பழைய சுங்குடிச் சேலைத் துணி ரெண்டாக மடித்துக் கட்டிக் கிடந்தது. துணி காயப்போட இடம் தெரியாதவள், என்ன செய்ய. போனால் போகிறது என்று பெரிய மனுசனாக விட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஒரு இருமல் கிடையாது. ஒரே ஒரு காலைத் திட்டுக்கு அந்தப் பலன்.

அடுத்து பின்பக்கம். மேட்டில் ஏறிக் குதித்து இறங்குகிற வண்டிக்குப் பலம் வேண்டாமா? உப்பு லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒன்று என்னிடம் கிடந்தது. அதை வைத்துக் கட்டினேன். வண்டி அப்படியே சினை எருமை மாதிரி குந்திவிட்டது. திட்டினேன், தின்றேன், தூங்கினேன். எழுந்தால் லாரிப் பட்டை அம்மிக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. பழைய ஷாக் அப்சர்பர் புது எண்ணெய் குடித்துத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. பயம் வே, என் வாய்க்குப் பயம்.

அப்புறம் இழுவை போதவில்லை. இன்ஜின் கத்துகிறது, சக்கரம் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது. பின்னால் செயின் ஓடுகிற பல்சக்கரத்தைப் பெரிசாகப் போட்டால் மேட்டில் இழுக்கும் மாமா, வேகம் குறையும், பரவாயில்லை என்று மறுபடியும் வந்து நின்றாள். வேகம் குறையுமா? நான் என்ன பால் கறக்கவா போகிறேன்? முடியாது என்றேன். அந்த வாரம் அவளுக்குக் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. என்னட்டி என்று கேட்டால் கேக் செய்கிற தட்டு என்றாள். பிரித்த இடத்தில் நானும் எட்டிப் பார்த்தேன். வட்டமாக, நடுவில் ஓட்டை, சுற்றிலும் பல். இந்தக் காலத்துக் கேக்கு எப்படியெல்லாம் இருக்கிறது பாரும். ரெண்டொரு நாளில் நான் தூங்கி எழுந்தபோது வண்டியின் பல்சக்கரம் தானாகவே வளர்ந்திருந்தது. நான் தூக்கத்தில் மனதை மாற்றிக்கொண்டது அதற்கு எப்படித் தெரிந்ததோ. கேக்கு மட்டும் இன்றுவரை வரவில்லை. நானும் கேட்கவில்லை, பாவம், சரியாக வந்திருக்காது.

அவள் கை வேறு எப்போதும் கறுப்பு. நகத்துக்கு இடையில் கூடக் கறுப்பு. சட்டியின் அடியை அந்தத் தேய்ப்புத் தேய்க்கிறாளே என்று எனக்கே இரக்கமாக இருக்கும்.

ஒத்திகைக்கு என்று ஊர் ஓரத்துச் சின்ன மேட்டில் ஏற்றினேன். ஏற்றின வேகத்தில் வண்டி மேட்டு உச்சியை விட்டுக் கிளம்பி, வடலிப் பனைகளுக்கு மேலே போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் கடல் தெரிந்தது. ஒரு கப்பல்காரன் கை காட்டினான். நானும் காட்டினேன். இறங்கும்போது ஒரு மயில் என் தோளில் தொற்றிக்கொண்டு வந்தது. டயரைப் பாரும், வெடித்ததா?

ஒரு விசயத்தில்தான் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவே இல்லை. காற்று. டயரில் காற்று. நான் உப்பு லாரிக்காரன். டயரை இரும்பு லிவரால் தட்டினால் கணீரென்று வெண்கலச் சத்தம் வர வேண்டும். அவளோ மணலில் டயர் சப்பையாக இருக்க வேண்டும், ஒட்டகத்துக் கால் மாதிரி பரந்து மிதக்க வேண்டும் என்பாள். ஒட்டகத்தை எங்கே கண்டாள் இவள்? தினமும் காலையில் நான் கல்லு மாதிரி அடிப்பேன். தினமும் மத்தியானம் தூங்கி எழுந்தால் காற்று இறங்கியிருக்கும். விடுதியில் சொகுசாக இருந்த டயர் இல்லையா, வெயில் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உத்திரம் வந்தது. அன்றைக்குக் காலையில் நாலு டயரிலும் நானே என் கையால் காற்றடித்தேன். தட்டினேன். நாலும் கணீர். ஏறி உட்காரும் முன்னால் காலில் மேசோடும், அதுதான் வே சாக்ஸ், அதற்கு மேல் உப்பளத்து ரப்பர் பூட்ஸும் மாட்டினேன், முழங்கால் வரை வருகிற பூட்ஸ். கோயிலுக்குப் போகும்போது பூட்ஸ் வேண்டாமே மாமா என்றாள் சிவகனி. செருப்புப் போட்டுக்கொண்டு தேர் ஓட்டுகிறவன் நானில்லை என்று சொல்லிவிட்டேன். மகனும் மற்ற எல்லாரும் வேனில் ஏறி ரோட்டு வழியாகப் போனார்கள். சிவகனி மட்டும் கருப்பட்டியை மறந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று வீட்டுக்குத் திரும்பினாள். கோயிலில் பொங்கல் வைக்கப் போகிறவள் கருப்பட்டியை மறப்பாளா? இவள் மறப்பாள்.

சின்ன மேடுகளெல்லாம் எனக்குப் பணிந்து வழி விட்டன. யானைமேட்டுக்கு வந்தேன். தேரியில் அதுதான் பெரிசு. அதற்கு அந்தப் பக்கம் கோயில். பாதி ஏறியிருப்பேன், பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. முறுக்கினேன். இன்னும் இறங்கியது. இன்னும் முறுக்கினேன். வண்டி வயிறு வரை மணலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் திட்டினேன் வே. வாழ்க்கையில் அப்படித் திட்டினதில்லை. முந்திரி மரத்தில் இருந்த காகம் எழுந்து வேறு தேரிக்குப் போய்விட்டது. வண்டி அசையவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து கோயில் கொட்டுச் சத்தம் கேட்கிறது. கண்ணுக்கு முன்னால் அந்தச் சிவப்பு நாற்காலி வந்து நின்றது.

பயந்தேன் என்று நினைக்காதீரும். என் முறையில் அடுத்தது தூக்கம். முந்திரி மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன். ஓடுகிற லாரி இன்ஜினுக்கு அடியில் படுத்துத் தூங்கின உடம்பு இது, இடி விழுந்தாலும் எழும்பாது.

எழுந்து பார்க்கிறேன், வண்டி இல்லை.

நிமிர்ந்து பார்த்தால், மேலே, யானைமேட்டு உச்சியில், கோயிலைப் பார்த்து நிற்கிறது. சத்தியம் பண்ணியிருக்கிறேன், மறந்துவிடாதீரும். குழியிலிருந்து உச்சி வரை பச்சை வடலி ஓலையை வெட்டிப் பரப்பி வழி போட்டிருந்தது. டயரெல்லாம் சப்பை. பக்கத்தில் ஒரே ஒரு ஆளுடைய காலடி. சின்னக் காலடி. யார் என்று நினைக்கிறீர்? சாஸ்தாவேதான். பால சாஸ்தா இல்லையா, அதனால்தான் பாதம் சின்னது. அதோடு விட்டாரா? என் தலைமாட்டில் ஒரு சொம்பு மோர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இஞ்சி தட்டிப் போட்டு, கருவேப்பிலை கிள்ளிப் போட்டு, உப்பு மட்டும் ஒரு கல் குறைவு. அப்படியே நம் வீட்டுப் பக்குவம். சாமிக்கு என் ரத்த அழுத்தம்கூடத் தெரிந்திருக்கிறது பாரும். சொம்பும் எங்கள் வீட்டுச் சொம்பு மாதிரியே நெளிந்திருந்தது.

குடித்துவிட்டு மேலே ஏறி, வண்டியை எடுத்து இறங்கினேன். இறங்கின இறக்கத்தைக் கூட்டமே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. கொட்டுக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். லிங்கதுரை முகம் அப்போது எப்படி இருந்தது என்கிறீர்? அவன் வேட்டியின் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டான், மொபெட் சாவி இருந்த இடத்தை. நான் கோயில் எல்லையில் வண்டியை நிறுத்தினேன். பூட்ஸைக் கழற்றினேன், மேசோட்டைக் கழற்றினேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நடையில் நின்றேன்.

பூசாரிக்கு என்னைவிட வயது கூட. திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார்.

வழக்கம் அதுதான், இல்லையென்று சொல்லவில்லை. தேரி மண் ஏறிச் சிவந்த காலுக்குத்தான் முதல் திருநீறு. என் காலோ மேசோட்டுக்குள் வெந்து, உரித்த முட்டை மாதிரி வெளுத்து நின்றது.

"கால்ல மண்ணு இல்லையே சுயம்பு" என்றார்.

"வண்டியில வந்தவனுக்குக் கால்லயா மண்ணு இருக்கும்? டயரைப் பாரும் வே. கழுத்து வரைக்கும் மண்ணு."

"டயருக்கு எங்கடே நான் திருநீறு பூச?"

"குதிரைக்குப் பூசுனீரா இல்லையா? அது எந்தத் தேரியைத் தாண்டி வந்துச்சு? வாசல்லயே நிக்கிற குதிரைக்கு உண்டு, ஓடி வந்த குதிரைக்குக் கிடையாதா?"

என் பேச்சில் தப்பு உண்டா, நீரே சொல்லும். சட்டம் தெரிந்த ஆளாகத் தெரிகிறீர். கூட்டத்தில் பாதிப் பேர் என் பக்கம் தலையாட்டினார்கள். பூசாரி தட்டோடு யோசித்துக்கொண்டு நின்றார். இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருந்தால் பூசியிருப்பார். அந்த நேரம் பார்த்து என் மருமகள் வந்து சேருகிறாள்.

வந்த கோலத்தைச் சொல்ல வேண்டுமே. இடுப்பில் அரிவாள், கையில் கருப்பட்டிப் பை. சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். பாதத்திலிருந்து முழங்கால் வரை குங்குமத்தில் முக்கியெடுத்தது மாதிரி சிவப்பு. தலைமுடி, புருவம் எல்லாம் தேரி மண். சாமி வாசலுக்கு வருகிற லட்சணமா இது? எங்கட்டி உருண்டு புரண்டுட்டு வார என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். சுள்ளி பொறுக்கப் போனேன் மாமா என்றாள். கையில் ஒரு சுள்ளி இல்லை.

பூசாரி அவள் காலைப் பார்த்தார். என் வண்டி இறங்கின மேட்டைப் பார்த்தார். நேராகப் போய் அவள் நெற்றியில் முதல் திருநீற்றைப் பூசிவிட்டார்.

அநியாயம் வே. சாமியே ஓலை விரித்து, மோர் கொடுத்து அனுப்பின ஆள் நான். மரியாதை சுள்ளி பொறுக்கப் போனவளுக்கு. இன்றைக்கும் சொல்வேன், அந்தப் பூசாரிக்குக் கண் பார்வை கிடையாது.

லிங்கதுரை சாவிக்காக என்னிடம் கையை நீட்டினான். பேச்சு பேச்சுதான், கொடுத்துவிட்டேன். அவன் சாவியை மடியில் வைக்கவில்லை. ரெண்டு சாவியையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ரெண்டையும் அவள் கையில் வைத்துவிட்டான். திருநீறு வாங்கின ஆளுக்குத்தான் சாவி, அப்பா பின்னால் வேண்டுமானால் உட்காரட்டும், கைப்பிடியைத் தொட்டால் வண்டியைக் காயலான் கடைக்கு ஏற்றிவிடுவேன் என்றான். ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மண்குதிரை நிழலில் போய் உட்கார்ந்தேன். பொங்கல் தின்றார்கள், நான் தின்னவில்லை. சரி, கொஞ்சம் தின்றேன். வேன் கிளம்பியது, கூப்பிட்டார்கள், ஏறவில்லை. கூட்டம் கலைந்தது. அவள் மட்டும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"ஏறுங்க மாமா. நீங்க திட்டாம இது யானைமேடு ஏறாது."

அது உண்மைதானே. வேனும் போய்விட்டது. ஏறினேன். அவள் ஓட்டினாள் என்று நீர் நினைக்கக்கூடாது. அவள் கைப்பிடியைப் பிடித்திருந்தாள், நான் பின்னாலிருந்து திட்டினேன், வண்டி ஏறியது. உச்சியில் கண்ணை மூடிக்கொண்டது தூசிக்காக.

மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினால் ஒரு சமதரை உண்டு. நாலு பக்கமும் மேடு, ஊரும் தெரியாது, ரோடும் தெரியாது. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கினாள். சேலையை உதறிக்கொண்டே, எனக்கு இடுப்பு வலிக்குது மாமா, அந்த உடைமுள் மரம் வரைக்கும் நீங்க ஓட்டுங்க, நான் நடந்து வாரேன் என்றாள்.

ஓட்டினேன். உடைமரம் வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். அவள் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ரேசன், மாவுமில், ஆஸ்பத்திரி எதற்குப் போனாலும் அவளுக்குத் திரும்பும் வழியில் அந்த இடத்தில் இடுப்பு வலி வந்துவிடுகிறது. டாக்டரிடம் காட்டச் சொன்னால் கேட்கமாட்டாள். இந்தக் காலத்துப் பொம்பளைகள் உடம்பில் ஒன்றும் கிடையாது வே.

பொறும், அவள்தான் வருகிறாள், அரிசிப் பையோடு. இதுவரைக்கும் சொன்னதை நீர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லும், கப்பல், மயில், சாஸ்தா எல்லாம். அந்தச் சமதரை விசயத்தை மட்டும் விட்டுவிடும். என் மகன் காதுக்குப் போனால் சாவி அவளிடமிருந்தும் போய்விடும். எனக்காகச் சொல்லவில்லை, நான் எந்தச் சாவிக்கு ஏங்கினேன்? பாவம், அவள் ஆசையாக வைத்திருக்கிறாள்.

நீர் எப்படியும் சொல்லத்தான் போகிறீர், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லும். ஆனால் யார் சொன்னது என்று கேட்டால் என் பேரை மட்டும் எடுக்காதீரும். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு வண்டி சொன்னது என்று சொல்லும். இந்த ஊரில் நம்புவார்கள்.